வியன்னாவில் கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு

வியன்னாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்திருப்பீர்கள், அல்லது நான்கு நாள் சுற்றுலாவில் இரண்டு மாலைகளை இசைக்கென்று ஒதுக்கியிருப்பீர்கள். மேற்கத்திய செவ்விசை அதிகம் கேட்டதில்லை, கையில் பணமும் அளவோடுதான். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஊரில் நல்ல இசைக்கும் விலை உயர்ந்த டிக்கெட்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. சினிமா டிக்கெட் விலையில் உலகின் முதல்தர ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்றைக் கேட்டுவிடலாம். அதைப்போலப் பல மடங்கு கொடுத்துவிட்டு, பிரபலமான துணுக்குகளை மட்டும் கோத்து வாசிக்கும் கச்சேரியில் போய் உட்காரவும் செய்யலாம். எல்லாம் எங்கே டிக்கெட் வாங்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

தெருவில் வாங்காதீர்கள்

ஷ்டெஃபான் பேராலயத்தைச் சுற்றியும் ஓபரா அரங்கின் முன்னாலும் மோட்சார்ட் வேடத்தில், பொய்முடியும் நீளக் கோட்டுமாகச் சிலர் நிற்பார்கள். கையில் படங்கள் ஒட்டிய கோப்பு, வாயில் ஐந்தாறு மொழிகள். எந்த ஊர் என்று கேட்டு அன்பாகப் பேசத் தொடங்கி, "இன்றைக்குத்தான் கடைசி" என்று முடிப்பார்கள். இது மோசடி என்று சொல்லவரவில்லை. அவர்கள் விற்பது உண்மையான கச்சேரிதான், சில சமயம் நல்ல அரங்கில் நடப்பதும்தான். ஆனால் அது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தொகுத்தது: மோட்சார்ட்டில் கொஞ்சம், ஸ்ட்ராஸ் வால்ட்ஸ் கொஞ்சம், நடுவே ஒரு பாட்டு. ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

டிக்கெட்டை எப்போதும் அந்தந்த அரங்கின் சொந்த இணையதளத்திலோ, அரங்கின் டிக்கெட் கவுன்டரிலோ வாங்குங்கள். தேடுபொறியில் அரங்கின் பெயரைப் போட்டால் மேலே வருபவற்றில் பல இடைத்தரகர் தளங்கள். அதே டிக்கெட்டுக்குக் கூடுதல் விலை வைத்திருப்பார்கள். முகவரியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எந்த மாதம்

இசைப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜூன் வரை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரிய அரங்குகளின் வழக்கமான நிகழ்ச்சிகள் நின்றுவிடும். கலைஞர்கள் பலர் சால்ஸ்பர்க் விழாவுக்குப் போய்விடுவார்கள். கோடையில் வந்து "இசைத் தலைநகரில் இசையே இல்லையே" என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. அந்த மாதங்களில் நகர மண்டபத்துச் சதுக்கத்தில் பெரிய திரை வைத்து ஓபரா, கச்சேரிப் பதிவுகளை இலவசமாகக் காட்டுகிறார்கள். சுற்றிலும் உணவுக் கடைகள். மாலைப் பொழுதுக்குச் சுகமான இடம்தான், நேரில் கேட்பதற்கு ஈடாகாது.

புத்தாண்டுக் கச்சேரியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஜனவரி 1 அன்று வியன்னா பில்ஹார்மோனிக் வாசிக்க, உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கும் கச்சேரி அது. மும்பையில் பிறந்து 18 வயதில் வியன்னாவுக்கு இசை படிக்க வந்த சுபின் மேத்தா அதை ஐந்து முறை நடத்தியிருக்கிறார். அதற்கு டிக்கெட் குலுக்கலில்தான் கிடைக்கும். கிட்டத்தட்ட ஓராண்டு முன்பே பெயர் பதிய வேண்டும். கிடைத்தாலும் நல்ல இருக்கைகளின் விலை மயக்கம் வரவைக்கும். அதை விட்டுத்தள்ளுங்கள். அதே ஆர்கெஸ்ட்ராவைக் கேட்க எளிய வழி ஒன்று இருக்கிறது.

பில்ஹார்மோனிக்கை மலிவாகக் கேட்கும் வழி

1842-ல் தொடங்கிய வியன்னா பில்ஹார்மோனிக், தன்னைத்தானே நிர்வகிக்கும் கலைஞர்களின் சங்கம். அதில் உறுப்பினராக வேண்டுமானால் முதலில் வியன்னா அரசு ஓபராவின் ஆர்கெஸ்ட்ராவில் இடம்பிடித்துச் சில ஆண்டுகள் வாசித்திருக்க வேண்டும். அதாவது, புத்தாண்டன்று தொலைக்காட்சியில் தெரியும் அதே கலைஞர்கள்தான் சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையிலும் ஓபரா மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பில்ஹார்மோனிக்கின் சந்தாக் கச்சேரிகளுக்கு இடம் பிடிப்பது பெரும்பாடு. அவை மூசிக்ஃபெரைன் அரங்கில் சனிக்கிழமை பிற்பகல் 3.30-க்கும் ஞாயிறு காலை 11-க்கும் நடப்பவை. இடங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களுக்குள்ளேயே கைமாறுகின்றன. ஓபராவுக்கோ நின்று பார்க்கும் இடம் அன்றன்றைக்கே கிடைக்கும்.

அந்த நிற்கும் இடத்துக்கு ஷ்டேப்ளாட்ஸ் என்று பெயர். அரசு ஓபராவில் இப்படி 400-க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. கீழ்த்தளத்தில் கொஞ்சம், பால்கனியில் கொஞ்சம், எல்லாவற்றுக்கும் மேலே கேலரியில் கொஞ்சம். நல்ல இருக்கை 200 யூரோவைத் தாண்டும் அரங்கில் இவற்றின் விலை சொற்பம்.

கீழ்த்தளத்தின் நிற்கும் இடம் மேடைக்கு நேர் எதிரே, நடுப் பெட்டி எனப்படும் தனித் தடுப்பு இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. அங்கே முன்வரிசை கிடைத்தால் விலையுயர்ந்த இருக்கைக்காரர்களுக்கு நிகரான காட்சி உங்களுக்கும் கிடைக்கும். கேலரியில் மேடை சிறிதாகத் தெரியும், ஓசை மட்டும் நன்றாக வந்து சேரும். முதல்முறை போகிறவர் கீழ்த்தளத்துக்கு முயலலாம். குரலுக்காகவே போகிறவர் மேலே ஏறலாம்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். நிற்கும் இடங்களை நிகழ்ச்சி நாளன்றே விற்கிறார்கள். விற்பனை தொடங்கும் நேரத்தை ஓபராவின் தளத்தில் முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற பாடகர் பாடும் நாளென்றால் கூட்டம் முன்பே சேர்ந்துவிடும். சாதாரண நாளில் அவ்வளவு போட்டி இருக்காது. முன்பெல்லாம் உள்ளே போனதும் முன்னால் உள்ள கம்பியில் கழுத்துத்துண்டைக் கட்டி இடம் பிடிப்பார்கள். கட்டியவருக்கே அந்த இடம். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். எழுதப்படாத சட்டமாக இருந்தது அது. ஊர்க்காரர்கள் அதை ஒழுங்காக மதித்தார்கள்.

முன்னாலுள்ள சின்னத் திரையில் வசனம் ஓடும், ஆங்கிலமும் உண்டு. கதையை முன்பே படித்துக்கொண்டு போனால் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதல் ஓபராவாக எதைப் பார்ப்பது? என் தேர்வு புச்சினியின் 'டோஸ்கா'. மூன்று அங்கம், வேகமான கதை, காதலும் கொலையும் துரோகமுமாக நம் பழைய சினிமாவுக்குப் பழகியவர்களுக்கு எதுவும் புரியாமல் போகாது. இந்த அரங்கில் மார்கரெட்டா வால்மன் 1958-ல் அமைத்த மேடையாக்கத்தையே பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப, அறுநூறு தடவைக்கு மேல், போட்டிருக்கிறார்கள். நின்றுகொண்டு பார்க்க ஏற்ற நீளம். நீண்ட ஓபராக்கள் எழுதிய வாக்னரிடம் மட்டும் முதலில் போகாதீர்கள். ஐந்து மணி நேரம் நிற்பதற்குக் காலும் ஆசையும் இரண்டும் வேண்டும்.

இரண்டு கச்சேரி அரங்குகள்

ஓபராவிலிருந்து பத்து நிமிட நடையில் மூசிக்ஃபெரைன். தியோஃபில் ஹான்சென் கட்டிய இதன் பொன்மண்டபம் 1870 ஜனவரியில் திறந்தது. ஏறத்தாழ 49 மீட்டர் நீளம், 19 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரம் உள்ள நீள்பெட்டி அது. பக்கச் சுவர்கள் நெருக்கமாக இருப்பதால் ஒலி இருபுறமும் மோதிச் சீக்கிரம் காதுக்கு வருகிறது. பொன் முலாம் பூசிய பெண் சிலைகளும் செதுக்கல்களும் ஒலியைச் சிதறடித்து மென்மையாக்குகின்றன. கட்டிய காலத்தில் அரங்க ஒலியியல் ஒரு அறிவியலாகவே வளர்ந்திருக்கவில்லை. ஆனாலும் உலகின் சிறந்த அரங்குகளைப் பட்டியலிடும்போது இதை விட்டுவிட்டு யாரும் எழுதுவதில்லை. இங்கேயும் பின்பக்கம் நிற்கும் இடம் உண்டு. ஓபராவைப் போல வசதி கிடையாது: தரை சமதளம், முன்னே நிற்பவரின் தலைதான் தெரியும். முன்கம்பி கிடைக்க வேண்டுமானால் கதவு திறக்கும் முன்பே வந்து நில்லுங்கள். உட்காரத்தான் வேண்டும் என்றால் பக்கப் பெட்டிகளின் பின்வரிசை மலிவாகக் கிடைக்கும். பாதி ஆர்கெஸ்ட்ராதான் கண்ணில் படும், காதுக்கு முழுதாகக் கிடைக்கும். டிக்கெட் தளத்தில் பார்வைத் தடை என்று குறித்திருந்தால் அதற்கு இதுதான் அர்த்தம்.

இன்னொன்று கொன்ட்செர்ட்ஹவுஸ், 1913-ல் திறந்தது, நகரப் பூங்காவுக்கு அருகே. என் மனசு இந்தப் பக்கம்தான் சாயும். மூசிக்ஃபெரைனின் பளபளப்பு இங்கே கொஞ்சம் குறைவு, நிகழ்ச்சிகளின் வகையோ அதிகம். பெரிய மண்டபத்தில் சிம்பொனி நடக்கும் அதே மாலையில் மோட்சார்ட் மண்டபத்தில் நான்கு தந்திக் கருவிகள் சேர்ந்த ஸ்ட்ரிங் குவார்ட்டெட், இன்னொன்றில் ஜாஸ், வேறு நாட்டு இசை என்று ஒரே கட்டடத்துக்குள் மூன்று கூட்டம் நிற்கும். 1900-ல் தொடங்கிய வியன்னா சிம்பொனிக்கர், ஆஸ்திரிய வானொலியின் ஆர்கெஸ்ட்ரா ஆகிய இரண்டையும் இங்கே அடிக்கடி கேட்கலாம். பில்ஹார்மோனிக்கின் நிழலில் நிற்பதால் இவர்களைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது அநியாயம்.

மாணவர்களுக்கும் இளையோருக்கும் எல்லா அரங்குகளிலும் தள்ளுபடி உண்டு. வயது எல்லை அரங்குக்கு அரங்கு மாறும். அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

அன்றைய மாலை

கச்சேரிகள் பெரும்பாலும் 7.30-க்குத் தொடங்கும். ஓபரா 7 மணிக்கும், நீளமானவை இன்னும் முன்பாகவும். தாமதமாக வந்தால் இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டியதுதான். வாசல்காரரிடம் கெஞ்சிப் பயனில்லை.

உடை பற்றிக் கவலைப்படாதீர்கள். இருண்ட நிறக் கால்சட்டையும் சுத்தமான சட்டையும் எங்கேயும் போதும். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனாலும் கண்ணை உறுத்தாது, அரங்கில் பலர் அதைவிடப் பளபளப்பாக வந்திருப்பார்கள். அரைக்கால்சட்டையும் ரப்பர் செருப்பும் மட்டும் வேண்டாம். குளிர்காலக் கோட்டு, குடை, முதுகுப்பை ஆகியவற்றை உடை வைக்கும் கவுன்டரில் கொடுத்துவிட வேண்டும். மடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். சில இடங்களில் அதற்குச் சிறு கட்டணம் கேட்பார்கள், சில்லறை இருக்கட்டும்.

நிகழ்ச்சிப் புத்தகத்துக்குத் தனிக் காசு. என்னென்ன படைப்புகள் என்பது அரங்கின் தளத்திலேயே இருக்கும். வீட்டிலேயே அவற்றை ஒருமுறை கேட்டுவிட்டு வருவது புத்தகத்தைவிடப் பயன் தரும். இங்கே 'ஓ ஐன்ஸ்' என்று சொல்லும் Ö1 வானொலியின் மாலைக் கச்சேரி ஒலிபரப்புகளும் காதைப் பழக்க நல்லவை.

கைதட்டல்தான் புதியவர்களின் பெரிய பயம். சிம்பொனி பெரும்பாலும் நான்கு பகுதிகள். நடுவே அமைதி வரும், அப்போது தட்டுவதில்லை. கணக்கு தவறும் என்று பயந்தால் இசை நடத்துநரின் கைகளைப் பாருங்கள். கைகள் கீழே இறங்கி, அவர் நம் பக்கம் திரும்பினால் முடிந்தது என்று பொருள். சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதி ஆரவாரமாக முடிந்து எல்லோரையும் ஏமாற்றும். உண்மையான முடிவு அதற்குப் பிறகு வரும் மெதுவான பகுதியில் இருக்கிறது. ஓபராவில் நடைமுறை வேறு: பாட்டு முடிந்ததும் நடுவிலேயே தட்டலாம், பிராவோ என்று கத்தலாம். பிடிக்காவிட்டால் கூச்சலும் போடுவார்கள், குறிப்பாகப் புதிய மேடையாக்கத்தின் முதல் நாளில் இயக்குநர் தலை காட்டும்போது.

நம் கச்சேரிப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். தொடையில் தாளம் போடுவது, தலையாட்டுவது, "ஆஹா" என்பது எதுவும் இங்கே ஆகாது. பக்கத்து இருக்கைப் பாட்டி திரும்பிப் பார்ப்பார், அந்தப் பார்வை போதும். இருமல் வரும் என்றால் மிட்டாயின் தாளை முன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மெதுவான பகுதியில் தாள் பிரியும் சத்தம் டிரம்பெட்டைவிடப் பெரிதாகக் கேட்கும்.

புதிய இசை

வியன்னாவுக்கு வருகிறவர்கள் மோட்சார்ட், பேத்தோவன், ஸ்ட்ராஸ் என்று நின்றுவிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் இசையைத் தலைகீழாகப் புரட்டியவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான்: ஷூன்பெர்க், பெர்க், வெபர்ன். 1913 மார்ச் 31 அன்று ஷூன்பெர்க் மூசிக்ஃபெரைனில் ஒரு கச்சேரி நடத்தினார். பெர்க்கின் பாடல்கள் வந்தபோது கூட்டத்தில் சிரிப்பும் கூச்சலும் எழுந்து, கைகலப்பாகி, கச்சேரி பாதியில் நின்றது. இன்றைக்கும் அதை அறைக் கச்சேரி என்றுதான் ஊர் சொல்கிறது. 'அறை' என்றால் கன்னத்தில் விழும் அறை. இன்று நீங்கள் வாய்பிளந்து பார்க்கும் அதே பொன்மண்டபத்தில் நடந்தது இது.

இந்த இசைக்கு ஏற்ற மாதம் நவம்பர். இசை நடத்துநர் கிளாடியோ அபாடோ 1988-ல் தொடங்கிவைத்த வீன் மாடர்ன் விழா அப்போதுதான் நடக்கும். ஏறத்தாழ ஒரு மாதம், கொன்ட்செர்ட்ஹவுஸிலும் ஊரெங்கும் பல இடங்களிலும். மற்ற மாதங்களில் கிளாங்ஃபோரும் வீன் என்ற குழுவின் நிகழ்ச்சிகளைத் தேடுங்கள். இசையமைப்பாளர் பியாட் ஃபூரர் 1985-ல் தொடங்கிய குழு. கெயோர்க் ஃபிரீட்ரிஷ் ஹாஸ் இவர்களுக்காக 2000-ல் எழுதிய 'இன் வெய்ன்' எங்காவது நிகழ்ச்சிப் பட்டியலில் தென்பட்டால் விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படைப்பின் சில கட்டங்களில் அரங்கு முழு இருட்டாகிவிடும். கலைஞர்கள் தாளைப் பார்க்க முடியாமல் நினைவிலிருந்தே வாசிப்பார்கள். சுரங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் புழங்கும் இசை அது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த நுட்பம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது என்பது என் எண்ணம்.

முதல்முறை கேட்கும்போது மெட்டைத் தேடாதீர்கள். ஏதாவதொரு கருவியைப் பிடித்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்று பின்தொடருங்கள், அல்லது ஓசை அடர்த்தியாவதையும் மெலிவதையும் மட்டும் கவனியுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ரொம்பத் தயக்கமாக இருந்தால் வெபர்னின் குவார்ட்டெட்டுக்கான ஆறு பகடெல்களில், அதாவது மிகச் சிறு படைப்புகளில், தொடங்கலாம். ஆறும் சேர்ந்தே நான்கு நிமிடத்தைத் தாண்டாது, பொறுமைக்குப் பெரிய சோதனை இல்லை.

ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில் 1998 முதல் ஷூன்பெர்க் மையம் இயங்குகிறது. அவருடைய கையெழுத்துப் பிரதிகள், லாஸ் ஏஞ்சலிஸில் அவர் வேலை செய்த அறையின் மறுஅமைப்பு, கூடவே சின்னக் கச்சேரி மண்டபம். ஊரின் பழைய பகுதியில் உள்ள ஆல்ட்டே ஷ்மீடேயில் இலக்கியக் கூட்டங்களுடன் புதிய இசையும் நடக்கும், அனுமதி இலவசம். ஜாஸுக்கு ரீமர்காஸே தெருவின் போர்கி அண்ட் பெஸ் கிளப். துணிச்சலான புதிய முயற்சிகளை அங்கேதான் கேட்கலாம். பழைய பாணி ஜாஸ் பிடிக்கும் என்றால் ருப்ரெஹ்ட் தேவாலயத்தின் கீழே நிலவறையில் 1972 முதல் இயங்கும் ஜாஸ்லேண்ட்.

காசே இல்லாத நாள்

ஞாயிறு காலை 11 மணிக்கு அகஸ்டீனர் தேவாலயத்தில் பாடகர் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த பெரிய பூசை நடக்கும். ஹைடன், மோட்சார்ட், ஷூபெர்ட் எழுதிய பூசை இசையை அது பிறந்த சூழலிலேயே கேட்கலாம். புரூக்னரின் எஃப் மைனர் பூசை 1872-ல் முதன்முதலாக ஒலித்தது இந்தத் தேவாலயத்தில்தான். அது வழிபாடு என்பதை மறக்கவேண்டாம்: நடுவில் எழுந்து நடப்பது, படம் எடுப்பது கூடாது. உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள்.

வியன்னா இசைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் கச்சேரிகள் பருவம் முழுக்க நடக்கின்றன, பெரும்பாலும் இலவசம். நாளைக்குப் பெரிய மேடைகளில் வரப்போகிறவர்கள் அங்கே முப்பது பேர் முன்னால் வியர்வை வழிய வாசித்துக்கொண்டிருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி நாட்காட்டியைப் பார்த்தாலே வாரம் முழுவதற்கும் இருக்கும்.

வசந்தத்திலும் செப்டம்பரிலும் அரசு ஓபரா உள்ளே நடப்பதை வெளிச்சுவரில் பெரிய திரை வைத்து நேரலையாகக் காட்டும், நாற்காலி போட்டிருப்பார்கள். கோடை தொடங்கும் நேரத்தில் ஷ்யோன்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்தில் பில்ஹார்மோனிக் இலவசமாக வாசிக்கும் இரவும் உண்டு. மழை வந்தாலும் வரும், ஒரு கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பெரிது, அரண்மனைக்குப் பக்கத்தில் இடம் வேண்டுமானால் பல மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும்.

திரும்பும் வழி சுலபம். ஓபரா, மூசிக்ஃபெரைன் இரண்டுக்கும் கார்ல்ஸ்பிளாட்ஸ் மெட்ரோ நிலையம். யூ1, யூ2, யூ4 மூன்று தடங்களும் அங்கே சந்திக்கின்றன. கொன்ட்செர்ட்ஹவுஸிலிருந்து நகரப் பூங்கா நிலையத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடியும்வரை ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவு தாண்டியதும் நின்றுவிடும், பிறகு இரவுப் பேருந்துதான். கிளம்புவதற்கு முன் உடை கவுன்டரில் வரிசை நீளமாக இருக்கும், கடைசி கைதட்டலின்போதே எழுந்து ஓடுகிறவர்கள் அதற்காகத்தான் ஓடுகிறார்கள். நீங்கள் ஓடவேண்டாம். கைதட்டல் நிற்காவிட்டால் கூடுதலாக ஒரு சின்னப் படைப்பை வாசித்தாலும் வாசிப்பார்கள்.